‘செட்’ ஆகிறதாம்! செத்துக்கொண்டிருப்பது எது?

பால் ‘செட்’ ஆகவில்லை. மேல்தளம் ‘செட்’ ஆக ஒரு நாள் வேண்டும். வாங்கிய சட்டை ‘செட்’ ஆகவில்லை. வெளியூர்த் தண்ணீர் வயிற்றுக்குச் ‘செட்’ ஆகவில்லை. மாமிக்கும் மருமகளுக்கும் ‘செட்’ ஆகவில்லை. மகனுக்கு வேலை ‘செட்’ ஆகிவிட்டது. இனிப் பெண் ‘செட்’ ஆக வேண்டியதுதான் எஞ்சியிருக்கின்றது!

அன்பரீர், இஃது எவனோ ஒரு கிறுக்கன் உளறிய உளறல் அன்று. இற்றைத் தமிழ்நாட்டின் அடுக்களையிலும் தெருவிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் கல்லூரி வாயிலிலும் நாள்தோறும் நம் காதில் விழுகின்ற பேச்சு. ஆங்கிலம் கற்றவன் மட்டும் பேசினால், கற்ற திமிரில் பேசுகின்றான் என்று தள்ளிவிடலாம். ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாத முதியவளும் இன்று அடுக்களையில் நின்றுகொண்டு, “தயிர் ‘செட்’ ஆகலையே” என்று வருந்துகின்றாள். அவள் வருந்துவது தயிருக்காக. நாம் வருந்த வேண்டியதோ அவள் வாயிலிருந்து நழுவிப் போன சொல்லுக்காக!

மேலே காட்டிய ஏழு இடங்களிலும் நம் பாட்டிமார் என்ன சொன்னார்கள்? பால் உறையவில்லை என்றார்கள். காரை இறுக வேண்டும் என்றார்கள். சட்டை பொருந்தவில்லை என்றார்கள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மாமிக்கும் மருமகளுக்கும் இணங்கவில்லை என்றார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றார்கள். பெண் அமைய வேண்டும் என்றார்கள். ஏழு நிகழ்ச்சி, ஏழு வினை. ஒன்று மற்றொன்றன் இடத்தில் நில்லாது. அந்த ஏழு இருக்கைகளிலும் இன்று ஓர் அயற்சொல் கால்நீட்டிப் படுத்திருக்கின்றது. எழுவரை எழுப்பித் துரத்திய அந்த ஒருவன் யார்?

அந்தச் சொல்லின் குலமும் வரலாறும்

‘செட்’ என்பது ஆங்கிலரின் சொந்த வீட்டுச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்று வழங்கியது. ‘சிட்டன்’ என்றால் உட்கார்தல். அதன் பிறவினையே ‘செட்டன்’, அதாவது உட்கார வைத்தல். நம் மொழியில் அமர் என்பதிலிருந்து அமர்த்து என்பதும், இரு என்பதிலிருந்து இருத்து என்பதும் பிறந்தாற்போல, அவர்கள் மொழியிலும் தன்வினையிலிருந்து பிறவினை பிறந்தது. ஒரு பொருளை ஓரிடத்தில் இருத்துதல் என்பதே அதன் முதற்பொருள். இருத்தியது அசையாது நிற்கும். அசையாது நிற்பது நிலைபெறும். நீர்மமாய் அலைந்தது நிலைபெற்றால் இறுகும். இவ்வாறே ‘இறுகுதல்’ என்னும் பொருள் அச் சொல்லுக்குப் படிப்படியாக வந்து சேர்ந்தது. மேற்கில் இறங்கும் ஞாயிறும் அவர்கட்கு உட்காருகின்றது. ஆகவே அதற்கும் ‘செட்’. முறிந்த எலும்பை இருந்த இடத்தில் இருத்துவதும் ‘செட்’. பூ உதிர்ந்து பிஞ்சு பிடிப்பதும் ‘செட்’. பாட்டுக்கு இசையமைப்பதும் ‘செட்’.

ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்ற சொல் இதுவே. அவ் வினைக்கு 430 பொருள்வகைகள் காட்டப்பெற்றன. அவற்றை விளக்குதற்கு ஏறத்தாழ 60,000 சொற்கள் செலவாயின. பின்னர் நடந்த திருத்தப் பணியில் ‘ஓடு’ எனப் பொருள்படும் மற்றோர் ஆங்கில வினை இதனை விஞ்சியது. அவ் வினையும் ஆங்கிலரின் பழங்குடிச் சொல்லே என்பதை உன்னுக.

ஈண்டு ஒரு நுட்பம் காண்க. ஏனங்களின் தொகுதியை ‘செட்’ என்கிறோம். இரண்டு ‘செட்’ துணி என்கிறோம். உணவுக் கடையில் ‘செட்’ தோசை கேட்கிறோம். தொகுதி என்று பொருள்படும் இந்தச் ‘செட்’ வேறு குலத்தது. இலத்தீன் மொழியில் பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த ‘செக்டா’ என்னும் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் வந்து, வடிவொற்றுமையால் முன்னதனோடு கலந்துவிட்டது. ஆகவே ஆங்கிலத்திலேயே இரு வேறு வேர்களில் முளைத்த இரண்டு செடிகளை, நாம் வேரும் அறியாமல் குலமும் அறியாமல் ஒரே கட்டாகக் கட்டிக் கொணர்ந்து தமிழ் வயலில் நட்டிருக்கின்றோம்!

அதனினும் இரங்கத்தக்கது ஒன்றுண்டு. “எனக்கும் அவனுக்கும் செட் ஆகாது” என்பதை அப்படியே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள், ஆங்கிலனுக்குப் புரியாது. அவன் நாட்டில் நீர் உறைவதற்கு ஒரு வினை; குருதி கட்டுவதற்கு ஒரு வினை; பால் திரிவதற்கு ஒரு வினை; காரை இறுகுவதற்கு ஒரு வினை; இறுகியது பின்னர் வன்மையுறுவதற்கு வேறொரு வினை. அவன் வேறுபாடு அறிந்து பேசுகின்றான். அவனிடம் கடன் வாங்கிய நாமோ அவன் செய்யும் வேறுபாட்டையும் விட்டு, நம் முன்னோர் செய்த வேறுபாட்டையும் விட்டு, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறுகின்றோம். இது தமிழும் அன்று, ஆங்கிலமும் அன்று.

நம் வீட்டுக் களஞ்சியம்

இறுகுதல் என்னும் ஒரு கருத்தைச் சுற்றித் தமிழன் எத்தனை வினைகளைப் படைத்து வைத்தான் என்பதைப் பார்ப்போம்.

பால் உறையும்; தோயும் என்றும் சொல்வர். அதற்கு இடுவது உறைமோர். பிரை என்றும் புரை என்றும் இடந்தோறும் வழங்கும். முற்றத் தோய்ந்த தயிரை முளிதயிர் என்று குறித்தது குறுந்தொகை. தயிரைக் கடைந்தால் வெண்ணெய் உறையாது, திரளும். வெண்ணெய் திரளும் வேளையில் தாழி உடைந்த கதையைச் சொல்லாத ஊர் தமிழகத்தில் இல்லை. அந்த வெண்ணெயை உருக்கினால் நெய். நெய் குளிரில் மீண்டும் உறையும்.

உடன்குடிப் பக்கத்துப் பனைத்தொழிலாளியைக் கேளுங்கள். பதநீரைக் காய்ச்சுகையில் அது கொதித்துச் சுண்டும், பாகாகும், பதம் வரும், சிரட்டையில் ஊற்றினால் இறுகும், இறுகியது கருப்புக்கட்டி. சுண்டுதல், பதம் வருதல், இறுகுதல் என்னும் மூன்று நிலைக்கும் மூன்று சொல் இருப்பதனால்தான் அவன் பாகை எப்போது இறக்க வேண்டும் என்பதைத் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. மூன்றையும் ‘செட்’ என்று சொன்னால் மகன் எப்போது அடுப்பை அணைப்பான்?

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு இறுகுவதில்லை, உறைவதில்லை, விளைகின்றது. மாவைக் கரைக்கையில் கட்டிதட்டுகின்றது. கூழ் ஆறினால் கெட்டிப்படுகின்றது. மழை பெய்து காய்ந்த நிலத்தில் மண் பொருக்குத் தட்டுகின்றது. குளிரில் விரல் விறைக்கின்றது. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப் போகின்றது. தேங்காய் முற்றுகின்றது. நெற்கதிரில் பால் பிடிக்கின்றது; பின் மணி முற்றுகின்றது. முறிந்த எலும்பு கூடுகின்றது. ஆற்றில் வண்டல் படிகின்றது. சந்தையில் விலை படிகின்றது. பிள்ளை படிந்து நடக்கின்றது.

மரம் முதிர்ந்து உள்ளே வன்மை கொள்வதைக் காழ்த்தல் என்றனர். மரத்தின் உள்வன்மை காழ். அதே சொல்லைக் கொண்டு உள்ளத்தின் நிலையையும் குறித்தனர். ஒருவன் மேல் கொண்ட பகை நாட்பட நாட்பட ஆறாமல் உள்ளே இறுகி மரக்காழ் போல் ஆகிவிட்டால், அது காழ்ப்பு. இன்றும் அரசியல் மேடைகளில் காழ்ப்புணர்ச்சி என்று முழங்குகின்றவர்கள், அச் சொல்லுக்குள் ஒரு மரமும் அம் மரத்தின் அகவையும் நிற்பதை அறிவார்களா?

இனி, ஆங்கிலனின் அந்த ஒற்றைச் சொல்லுக்கு நேராக நிற்கத்தக்க ஒற்றைச் சொல் வேண்டுமா? அதுவும் உண்டு. உறைதல் என்பதற்குத் தங்குதல் என்பதும் பொருள். இறுகுதல் என்பதும் பொருள். அலைந்தது தங்கினால் இறுகும் என்னும் அதே எண்ணம், ஆங்கிலரின் தொடர்பு சிறிதும் இன்றியே, தமிழனுக்கும் தோன்றியிருக்கின்றது. அமை என்னும் வினையையோ இன்னும் சற்று ஊன்றிப் பாருங்கள். வீடு அமைகின்றது, வேலை அமைகின்றது, வாழ்க்கைத் துணை அமைகின்றது, குழு அமைக்கின்றோம், பாலம் அமைக்கின்றோம், பாட்டுக்கு இசை அமைக்கின்றோம், கொந்தளித்தது அடங்கினால் அமைதி! 430 பொருள் கொண்ட அயலான் வினையைப் பார்த்து வாய்பிளக்கும் தமிழனே, உன் வீட்டு அமை என்னும் ஈரெழுத்து வினை எத்தனை பொருள் கொண்டது என்று என்றேனும் எண்ணிப் பார்த்தாயா?

வறுத்த விதை முளைக்குமா?

“ஒரு சொல்தானே, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்” என்பார் உளர். வந்தது பெயர்ச்சொல்லாயின், அது சட்டையில் பட்ட கறை, கழுவிவிடலாம். வினையின் இடத்தில் அயற்சொல் புகுந்தால், அஃது எலும்பில் பட்ட நோய்.

தமிழ் வினை ஒவ்வொன்றும் ஒரு விதை. இறுகு என்று ஊன்றினால் இறுக்கு என்னும் பிறவினை முளைக்கும். இறுகல், இறுக்கம் என்னும் பெயர்கள் கிளைக்கும். இறுகிய, இறுகாத, இறுகி, இறுக, இறுகினால் என எச்சங்கள் தளிர்க்கும். திரள் என்றால் திரட்டு, திரட்சி, திரளை. உறை என்றால் உறைவு, உறைமோர், உறைபனி, உறைநிலை. தோய் என்றால் தோய்வு, தோய்ச்சல். அமை என்றால் அமைப்பு, அமைவு, அமைதி. ஒரு வித்திலிருந்து ஒரு தோப்பு.

‘செட்’ என்பதிலிருந்து என்ன முளைத்தது? அதற்கு இறந்த காலம் இல்லை, எதிர்காலம் இல்லை, எச்சம் இல்லை, பிறவினை இல்லை. அது பிணம் போல் அசையாமல் கிடக்கின்றது. அதன் ஒருபுறம் ஆகு என்னும் தமிழ் வினையும், மறுபுறம் பண்ணு என்னும் தமிழ் வினையும் தோள்கொடுத்துச் சுமக்கின்றன. ‘செட் ஆனது’ என்பதில் உழைப்பவன் ஆகு. ‘செட் பண்ணினான்’ என்பதில் உழைப்பவன் பண்ணு. பெயர் பெறுகின்றவனோ மேலே படுத்திருக்கும் ‘செட்’! வறுத்த விதையை விதைத்துவிட்டு விளைச்சலுக்குக் காத்திருக்கும் உழவனை ஊரார் நகைப்பர். நாம் ஓர் இனமாகவே அதைச் செய்துகொண்டிருக்கின்றோம்.

ஒலியும் தமிழுக்கு ஒவ்வாது. வல்லின மெய் ஆறனுள் ஒன்றேனும் தமிழ்ச் சொல்லுக்கு ஈறாகாது என்பது தொல்காப்பியம் முதலாக நின்று நிலவும் வரம்பு. டகர மெய்யில் முடியும் ‘செட்’ அவ் வரம்பை உடைக்கின்றது. உகரம் சேர்த்துச் செட்டு என்றாக்கினாலோ, அங்கே முன்னரே ஒரு தமிழ்ச் சொல் குடியிருக்கின்றது. செட்டு என்றால் சிக்கனம். “செட்டாகக் குடும்பம் நடத்துகின்றாள்” என்று ஒரு பெண்ணைப் பாராட்டினால், அது வரவறிந்து செலவிடும் அவள் திறத்துக்குப் பாராட்டு. இன்று அதைக் கேட்கும் இளைஞன், அவள் எதையோ ‘செட்’ பண்ணிவிட்டாள் என்று கருதிக்கொள்கின்றான். வந்தவன் திண்ணையில் மட்டும் படுக்கவில்லை. வீட்டுக்காரியின் பெயரையும் பறித்துக்கொண்டான்!

அரியணையும் அடுக்களையும்

“ஆங்கிலம் பல மொழிகளிலிருந்தும் கடன் வாங்கித்தானே வளர்ந்தது? நாமும் வாங்கினால் என்ன?” என்று கேட்போர் பலர். கேட்கட்டும், விடையை அந்த ஆங்கிலத்தின் வரலாறே சொல்லும்.

1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவையிலும் பெருமக்கள் மாளிகையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஏறி அமர்ந்தது. ஆங்கிலம் அரியணை இழந்தது. எனினும் அடுக்களையையும் கழனியையும் தச்சன் பட்டறையையும் அஃது இழக்கவில்லை. உறைதலுக்கும் இறுகுதலுக்கும் கட்டுதலுக்கும் விறைத்தலுக்கும் உழைக்கும் மக்கள் வழங்கிய பழஞ்சொற்கள் அவர்கள் வாயிலேயே இருந்தன. இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் அதே பொருளில் பல சொற்கள் வந்தன. அவை ஏட்டிலும் புலவர் நாவிலும் தங்கின. வீட்டுப் பேச்சில் ஆட்சி செய்தவை வீட்டுச் சொற்களே. 1362-ஆம் ஆண்டில், வழக்காடுவோர்க்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்பதைக் கரணியமாகக் காட்டி, வழக்குகளை ஆங்கிலத்திலேயே உரைக்க வேண்டும் என்று சட்டம் பிறந்தது. அடுக்களையில் உயிரோடு இருந்த மொழி, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மன்றம் ஏறிற்று!

நம் நிலை இதற்கு நேர்மாறு. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழுக்கு அரியணை கிடைத்தது. 2004-ஆம் ஆண்டில் செம்மொழி என்னும் மணிமுடி கிடைத்தது. சட்டத்தில் அரியணை, ஏட்டில் மணிமுடி, அடுக்களையிலோ ‘செட்’! அரியணை இழந்தும் அடுக்களையைக் காத்த மொழி மீண்டும் அரியணை ஏறியதை உலகம் கண்டது. அடுக்களையை இழந்த மொழி அரியணையில் எத்தனை நாள் இருக்கும்? ஆங்கிலனிடம் நாம் கற்க வேண்டியது அவனுடைய ‘செட்’டை அன்று, தன் வீட்டுச் சிறு வினையை ஆயிரம் ஆண்டு கைவிடாமல் 430 பொருளுக்கு வளர்த்த அவனுடைய பற்றை!

கலைச்சொல் கடினம் என்னும் பழி

இதனால் விளையும் பெருங்கேட்டை இனிச் சொல்லுகின்றோம். இக் கட்டுரையில் மற்றெல்லாவற்றையும் மறந்தாலும் இதனை மறவாதீர்.

‘தமிழில் அறிவியல் படிக்க இயலாது, கலைச்சொற்கள் கடினம்’ என்னும் பழி நெடுநாளாக நம்மேல் சுமத்தப்படுகின்றது. உறைநிலை, குருதி உறைதல், இறுகல், திண்மம் என்றெல்லாம் பள்ளிநூலில் கண்டதும் மாணவன் மருள்கின்றானாம். மருளாமல் என்ன செய்வான்? வீட்டில் பால் உறைவதை அவன் கேட்டதில்லை. ‘செட்’ ஆவதையே கேட்டான். மேல்தளம் இறுகுவதை அவன் கேட்டதில்லை. ‘செட்’ ஆவதையே கேட்டான். தாயின் வாயில் கேளாத சொல்லை ஆசிரியர் வாயில் முதன்முறை கேட்கும்போது அஃது அவனுக்கு அயற்சொல்லாகத் தோன்றுகின்றது. பிழை சொல்லினது அன்று. அச் சொல்லின் வேரை வீட்டிலேயே அறுத்த நம்முடையது.

ஆங்கிலக் குழந்தையின் நிலை என்ன? கட்டடவியலில் பைஞ்சுதை இறுகும் நேரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் கலைச்சொல் அந்தச் ‘செட்’டிலிருந்தே பிறந்தது. அக் குழந்தை அதைத் தன் தாயின் அடுக்களையில் களி இறுகும்போதே கேட்டிருக்கின்றது. ஆகவே கலைச்சொல் அதற்குப் புதிதன்று. தெரிந்த சொல் புதுச்சட்டை அணிந்து வந்ததாகவே தோன்றும்.

அந்தக் கட்டடவியலையே எடுத்துக்கொள்வோம். சிமெண்ட் என்று வழங்கும் பைஞ்சுதையில் இன்று பெருவழக்காயுள்ள போர்ட்லாந்து வகைக்கு 1824-இல் இங்கிலாந்தில் சோசப்பு ஆசுபுதின் காப்புரிமை பெற்றார். பைஞ்சுதையில் நீர் சேர்ந்ததும் அது நீரை உட்கொண்டு புதிய சேர்மங்களாக மாறுகின்றது. முதலில் இளகிய நிலை நீங்கி இறுகுகின்றது. பின்னரே நாளாக நாளாக வன்மையுறுகின்றது. பொதுவகைப் பைஞ்சுதை 30 மணித்துளிக்கு முன் இறுகத் தொடங்குதல் கூடாது. 600 மணித்துளிக்குள் இறுகி முடிதல் வேண்டும் என்பது இந்தியத் தர வரையறை. வன்மையையோ 28-ஆம் நாளில் அளந்து பார்க்கின்றனர். இறுகியதும் வேலை முடிந்தது என்று நீரூற்றாமல் விட்டால் கற்காரை வன்மையுறாமல் கெடும். இறுகுதல் வேறு, காய்தல் வேறு, வன்மையுறுதல் வேறு. இம் மூன்றையும் பிரித்தறிய மூன்று சொல் வேண்டும். ‘செட் ஆகிவிட்டது’ என்னும் ஒரே பேச்சில் மூன்றும் கலந்துவிட்டால், நீரூற்ற வேண்டியவன் கைகழுவிக்கொண்டு போய்விடுவான், வெடிப்பு வீட்டுக்காரனுக்கு!

பைஞ்சுதை வருமுன் நம் கொற்றர்கள் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்து அரைத்தனர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவளியை உட்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகின்றது. இக் காரை இறுகுமட்டும் பொறுத்திருக்கும் அறிவு அவர்களிடம் இருந்தது. அவ் வறிவு அவர்களின் சொற்களில் இருந்தது. சொல்லை இழந்தவன் தொழிலின் நுட்பத்தையும் இழக்கின்றான். மொழித்தூய்மை புலவர்களின் பொழுதுபோக்கு என்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

மறுப்புரைப்போர்க்கு

“மக்கள் வழக்கை எவர் தடுக்க முடியும்?” என்பர் சிலர். வழக்கு வானத்திலிருந்து விழுவதன்று. திரைப்படமும் விளம்பரமும் தொலைக்காட்சியும் இடைவிடாது ஊற்றியது அது. ஊற்றி உண்டாக்கியதை ஊற்றாமல் ஒழிக்கலாம். மாற்றி ஊற்றி மாற்றலாம்.

“தொல்காப்பியரே திசைச்சொல்லையும் வடசொல்லையும் ஏற்றாரே” என்பர் வேறு சிலர். அவர் அயற்சொல்லுக்கு வாயிற்காவல் வைத்தார். அயலெழுத்தைக் களைந்து தமிழெழுத்தோடு பொருந்தி வருக என்று வரம்பு கட்டினார். வாயிற்காவலைத் திறந்த கதவென்று படிப்பது, படிப்பவர் குற்றம்.

“சுருக்கமாக இருக்கின்றது, ஆகவே சொல்கின்றோம்” என்பர் மற்றும் சிலர். எழுத்தெண்ணிப் பார்ப்போமா? ‘செட் ஆகவில்லை’ என்பதில் ஏழெழுத்து; உறையவில்லை என்பதில் ஆறெழுத்து; இறுகவில்லை என்பதிலும் ஆறெழுத்தே. ‘செட் ஆகாது’ என்பதில் ஐந்தெழுத்து. ஒவ்வாது என்பதில் நான்கெழுத்து. சுருக்கமும் இல்லை, தெளிவும் இல்லை. பின் என்னதான் இருக்கின்றது? அயலான் சொல்லைச் சொன்னால் தானும் ஓரடி உயர்ந்ததாகத் தோன்றும் அடிமை மயக்கம் ஒன்றே இருக்கின்றது.

ஆங்கிலத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆங்கிலம் கற்க வேண்டுவோர் நன்றாகக் கற்கட்டும். ஆங்கிலம் பேசுங்கால் அதன் நுட்பம் அறிந்து பேசட்டும். தமிழ் பேசுங்கால் தமிழே பேசட்டும்.

செய்யத்தக்கது

தொலைக்காட்சியைத் திருத்திவிட்டுத்தான் நாம் திருந்துவோம் என்று காத்திருத்தல் வேண்டா. இன்றே நம் வீட்டில் தொடங்கலாம். ஒவ்வொரு முறை ‘செட்’ என்று நா எழும்போதும் ஒரு நொடி நின்று, நடப்பது எது என்று உள்ளத்துள் கேளுங்கள்.

பாலா? உறைந்தது, தோய்ந்தது. காரையா? இறுகியது. வெண்ணெயா? திரண்டது. குருதியா? உறைந்தது, கட்டியது. விலையா? படிந்தது. உடையா? பொருந்தியது. உணவா? ஒத்துக்கொண்டது. நட்பா? இணங்கியது, ஒத்துவந்தது. வேலையா, மணமா? அமைந்தது. நேரமா? குறித்தோம். கடிகாரமா? திருத்தி வைத்தோம். ஏனங்களா? தொகுதி. வெளிநாட்டில் ‘செட்டில்’ ஆனானா? குடியேறினான். கணக்கைச் ‘செட்டில்’ செய்தானா? தீர்த்தான்.

இவற்றுள் ஒன்றேனும் அகரமுதலியைப் புரட்டித் தேட வேண்டிய சொல்லா? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியில் இவை உறங்கிக் கிடப்பது மட்டும் போதாது. சொல் உயிர்வாழும் இடம் வாய். குழந்தையின் காதில் விழும்படி ஒரு நாளைக்கு ஒரு முறையேனும் ஒவ்வொன்றும் ஒலிக்க வேண்டும். ஆசிரியர்களே, உறைநிலையைக் கற்பிக்குமுன், “உங்கள் வீட்டில் பால் உறைந்ததா?” என்று கேட்டுவிட்டுக் கற்பியுங்கள். தாய்மாரே, உறைமோர் ஊற்றும்போது அச் சொல்லையும் சேர்த்து ஊற்றுங்கள். கொற்றர்களே, “இறுகட்டும்” என்று சொல்ல நாணாதீர். அது நும் பாட்டனின் சொல். மேல்தளமும் அதற்கே கட்டுப்படும்.

இறுகுதலைக் குறித்த சொற்களையே இளகவிட்டு இழந்த இனம் என்னும் இழிபெயர் நமக்கு வேண்டா. பால் உறைக! காரை இறுகுக! வெண்ணெய் திரள்க! தாழி உடையாதிருக்க, தமிழன் உள்ளம் உறுதி கொள்க!